எட்டு வாசல் துறை

மனிதன் எப்படிக் கற்கிறான் என்ற கேள்விக்கு இனி மேல்முறையீடே கிடையாது என்று அறிவித்துவிட்டு, வாசல் சார் அடுத்த படத்தைத் திரையில் போட்டார்.

அது தலைகீழாக வந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் எட்டு வாசல்கள். பாடம் புரிந்தால் வாசல் திறந்திருக்கிறது. புரியாவிட்டால் இன்னும் திறக்கவில்லை. கொள்கை அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக இதற்கென்றே ஒரு துறை. துறையில் அவர் ஒருவரே.

இது அறிவியல்தானா என்று பார்க்க மூவர் குழு வந்திருந்தது. இல்லை என்றால் மாலையே துறைக்குப் பூட்டு.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "எது நடந்தா உங்க கொள்கை தப்புன்னு ஒத்துக்குவீங்க சார்?"

"தப்பா? அந்தப் பேச்சுக்கே இடமில்லைங்கம்மா!"

தலைவி எதையோ எழுதி அடிக்கோடிட்டார்.

தண்ணீர் வைக்கிற சாக்கில் அலுவலக உதவியாளர் குனிந்தார். வீட்டில் அவர் சாரின் மனைவிக்குத் தம்பி. "காரியத்தையே கெடுத்துட்டீங்களே மாமா. தப்பாகவே முடியாதுன்னா அது அறிவியலே இல்லையாம். வராண்டாவுல பேசிக்கிட்டாங்க."

பதினோரு ஆண்டுகளாக எந்தப் பக்கமும் ஓட்டை விழாமல் சார் கட்டிக்காத்தது இப்படிக் கழுத்தறுக்கும் என்று யார் கண்டது?

அப்போதுதான் மேசையின் அடி இழுப்பறை ஞாபகம் வந்தது.

ஆறு ஆண்டுகளாக அவர் யார் கண்ணிலும் காட்டாத கோப்பு. நாற்பது பிள்ளைகள், ஒரு மாதம், கடைசியில் ஒரே தேர்வு. இருபது பேருக்கு எட்டு வாசல் முறையில் அவரே நடத்தினார். மற்ற இருபது பேருக்கு அந்த முறை இல்லை. தன் பிள்ளைகளே அதிகம் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

மற்றவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் அல்ல, இரண்டு மடங்கு.

தூசி தட்டி நீட்டினார். புரட்டப் புரட்டத் தலைவியின் முகம் மலர்ந்தது.

"தப்புத்தான் சார். ஆனா அறிவியல்தான். திருத்த ஒரு ஆள் வேணுமே, துறை இருக்கட்டும்."

முதல் வாக்கியம் சாரின் காதில் விழவே இல்லை. போன உயிர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. குழுவின் கார் தெருமுனையில் மறையும்வரை கும்பிட்டபடியே நின்றார்.

மற்ற இருபது பேருக்கு யார் பாடம் நடத்தினார்கள் என்று குழு கேட்கவில்லை.

அந்த மாதம் அவர்களுக்கு ஆசிரியரே வரவில்லை.