சும்மா வந்த பாதிரியார்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளின் சந்துக்குள் பாதிரியார் சுந்தரராஜ் குடையோடு நுழைவதைப் பார்த்ததும், களி கிளறிக்கொண்டிருந்த இசபெல்லாவின் கை நின்றுவிட்டது.

பகல் ஒரு மணி. அவள் புருஷன் எட்மண்ட் சுரங்கத்துக்குள் இருந்தான். இரண்டு மணிச் சங்கு ஊதினால்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு அவனை மேலே கொண்டுவரும்.

ஷிப்ட் நேரத்தில் பாதிரியார் சந்துக்குள் வந்தால் யார் வீட்டிலோ தாலி இறங்கப்போகிறது என்று அர்த்தம். ஒன்பது வருஷமாக அப்படித்தான். கீழே பாறை சரிந்து செத்தவன் வேதக்காரனாக இருந்தால், வீட்டில் போய்ச் சொல்லும் வேலை அவருடையது.

அந்த வேலையை அவர் பக்குவமாகத்தான் செய்வார், பாவம். வாசலில் நின்று, சும்மாதான் வந்தேன் என்பார். தண்ணீர் கேட்பார். பாதி குடிப்பார். வீட்டுக்காரி உட்காருகிற வரைக்கும் வெயிலைப் பற்றிப் பேசுவார். அப்புறம் சொல்வார்.

முதல் வீட்டைத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார்.

தாண்டிய வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்கள். தன் வீடு இல்லை என்று ஆனபிறகு, எந்த வீடு என்று தெரிந்துகொள்ளாமல் உள்ளே உட்கார யாருக்கு முடியும்?

இசபெல்லாவின் வாசலில் குடை மடங்கியது.

"சும்மாதான் வந்தேன்மா."

அவள் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள். "எந்த லெவலு ஐயா சரிஞ்சுது?"

"அய்ய, இல்லம்மா. மெய்யாலுமே சும்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் கேட்டார் என்றதும் பின்னால் ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஈஸ்டர் கழிந்த ஞாயிறன்று கோயிலிலேயே அறிவித்திருந்தார்: எனக்கு உள்ளம் வறண்டுபோய்விட்டது, இந்தக் கோடைக்குப் பிரசங்கத்தைப் பள்ளிக்கூட வாத்தியாரும் மாணிக்கராஜ் மேஸ்திரியும் பங்குபோட்டுக்கொள்வார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் எனக்குப் போதும், மற்ற நாளில் உங்கள் வீடுகளுக்கு வந்து பேசிக்கொண்டிருந்து புதுப்பெலன் அடையப்போகிறேன் என்று. வெள்ளைக்காரப் பாதிரிமார் புதுப்பெலனுக்கு நீலகிரி போவார்கள், நம்ம ஐயா லைனுக்கு வருகிறார் என்று அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு மறந்தும் போனார்கள்.

இப்போது அதை எடுத்துச் சொன்னால் யார் நம்புவது?

சொம்பில் பாதி குடித்துவிட்டுக் கீழே வைக்கப்போனவர், கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, அவசரமாக மீதியையும் குடித்துத் தீர்த்தார். பிரயோசனம் இல்லை. வெயிலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து அதையும் விழுங்கினார்.

பக்கத்து வீட்டு ஐடாவுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லிடுங்க ஐயா. அவ எத்தினி நேரந்தான் நிப்பா?"

சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. எட்மண்ட் மேலே வரும்வரை அங்கேயே இருப்பதென்று வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டது இன்னும் மோசமாகப் போயிற்று.

தூளியில் தூங்கிய குழந்தையை யாரோ எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினார்கள், அப்பன் இல்லாத பிள்ளையைத் தட்டுவது போல. இன்னொருத்தி உள்ளே போய், சாவு வீட்டில் எரியக்கூடாதென்று அடுப்பு விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். அந்தச் 'சுர்' சத்தம் கேட்டு இசபெல்லா நிலைக்காலை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி லைன் வீட்டை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்வார்கள் என்று மனம் ஒரு பக்கம் கேட்டது. அப்படிக் கேட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சங்கு ஊதியது.

எவ்வளவோ நேரம் கழித்துச் சந்து முனையில் எட்மண்ட் வந்தான். முகமெல்லாம் கல்தூசி. தன் வாசலில் கூட்டம், படியில் பாதிரியார், யார் தோளிலோ தன் பிள்ளை. பெண்டாட்டி மட்டும் கண்ணில் படவில்லை. போன வருஷம் நட்ட கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"இசபெல்லாவா?" என்றான்.

பெண்கள் சிரித்தார்கள். நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். ஓரிருவர் முகத்தில், வந்தது வீண் என்ற சலிப்பும் கொஞ்சம் இருந்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் குளிக்கப் போனபின், கலைந்த கூட்டத்தைப் பார்த்தபடியே இசபெல்லா மெதுவாகக் கேட்டாள்.

"இத்தினி ஊடு இருக்க, என் ஊட்டுக்கு இன்னாத்துக்கு ஐயா மொதல்ல வந்தீங்க?"

பாதிரியார் குடைக் கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பீடத்துல நின்னு எட்மண்ட் முகத்தப் பாத்தேன்மா. இவன் அடக்கத்துக்கு எந்த வசனம் வாசிக்கலாம்னு மனசு தானா தேடுது. பிரசங்கம் பாதியில நிக்குது. அவன் உசுரோட இருக்கிறத ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போலாம்னுதான்."

இதற்கு முன் யார் முகத்தைப் பார்த்தெல்லாம் அவர் மனசு அப்படித் தேடியது என்று அவள் கேட்கவில்லை. கிடைத்தது எந்த வசனம் என்றும் கேட்கவில்லை. ஐடா ஏதோ விறகு பொறுக்குகிற சாக்கில் தட்டியோரம் காதைக் கொடுத்துக் குனிந்திருந்ததை மட்டும் கவனித்தாள்.

பாதிரியார் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை, எட்மண்டைப் பீடத்திலிருந்து தெரியாதபடி கடைசித் தூணுக்குப் பின்னால் உட்காரவைக்க வேண்டும் என்று முதல் மணி அடித்ததுமே அவனை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

அந்தத் தூணுக்குப் பின்னால் ஏற்கனவே ஏழு பேர், ஐடாவின் புருஷன் முதற்கொண்டு. மற்றத் தூண்களுக்குப் பின்னாலும் அப்படியே. வாசற்கதவுக்குப் பின்னாலும் தலைகள்.

மிச்சம் இருந்தது, பீடத்துக்கு நேர் கீழே, முதல் பாய் ஒன்றுதான்.