யார் வீட்டுச் சுவர்?

திரையில் வந்த சுவரைப் பார்த்ததும் தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது அவள் வீட்டுச் சுவர். கூரை மூலையில் தொடங்கி ஜன்னல் வரை வழிந்திருக்கும் அதே கறுப்புப் பூஞ்சை. கீழே அதே சின்னக் கட்டில். கட்டில்மேல், இளைப்பு வந்தால் பிள்ளையின் மூக்கையும் வாயையும் மூடி மருந்து கொடுக்கிற அதே பிளாஸ்டிக் மாஸ்க்.

"அடிப்பாவி! வேணாம்னு சொல்லியும் படம் எடுத்துட்டாளே!" என்று வாய்க்குள்ளேயே முனகினாள்.

நகரசபைக் கூடம் நிரம்பி வழிந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாதவள் போல நின்றிருந்தாள் சுகாதார நர்ஸ். "நீங்க எதுவும் பேச வேணாம், சும்மா வந்து உட்காருங்க" என்று தையல்காரியைக் கூப்பிட்டிருந்தவளும் அவள்தான்.

மூன்று மாதமாக வீட்டுக்கு வந்து போகிறவள். நாலு வயது மகளுக்கு எப்படி மாஸ்க் வைத்தால் அழமாட்டாள் என்று சொல்லிக் கொடுத்தவள். எத்தனை பிள்ளைக்கு வைத்துப் பழகிய கையோ, அவள் வைத்தால் குழந்தை சிணுங்கக்கூட மாட்டாள்.

போன வாரம் வந்தபோது சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து மட்டும் போதாதும்மா. சுவர் இப்படி இருக்கற வரைக்கும் இளைப்பு திரும்பத் திரும்ப வரும். சுவர்ல ஈரம் ஊறி ஓதம் வந்தா ஓனர் ஒரு மாசத்துல சரி பண்ணணும், புகார் சொன்னவங்கள காலி பண்ணச் சொல்லக் கூடாது. இப்படி ஒரு சட்டம் போடுங்கன்னு நகரசபையில கேக்கப் போறேன். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் சிஸ்டர்! ஓனருக்குத் தெரிஞ்சா மறுநாளே மூட்டையக் கட்டணும். போன வருஷம் அஞ்சாம் நம்பர்காரங்க வாயைத் திறந்தாங்க. இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியல."

"சரிம்மா. நீங்க வேணாம்னா எடுக்க மாட்டேன்."

அப்படிச் சொன்ன வாய்தான். தண்ணீர் கொண்டுவர இவள் சமையலறைக்குப் போன நேரத்தில் எடுத்திருப்பாள். நம்பினதற்கு நல்லாத்தான் செய்தாள்!

எழுந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் முன்வரிசையில் ஓனர் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் தன் வீட்டைத் தானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது அவள் நிலைமை, எதையும் திருடாமலே.

ஓனருக்கு ஊருக்குள் ஐந்து கட்டடம். எல்லாம் ஒரே பிளான், ஒரே மேஸ்திரி, சிமென்ட்டில் ஒரே சிக்கனம். வாடகை வசூலிக்க ஆள் உண்டு என்பதால், குடியிருப்பவர் ஒருத்தர் முகமும் அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்தார். "தலைவரே, இது எங்கயோ கிடக்கற பாழடைஞ்ச வீட்டுப் படம். என் கட்டடம்னு இந்த நர்ஸம்மா சொல்றாங்களே, அப்ப எந்த வீடு? நம்பரைச் சொல்லட்டும்."

"நம்பர் எதுக்குங்க?" என்றாள் நர்ஸ். "நான் பாக்கற பகுதியில அறுபது பிள்ளைங்களுக்கு இளைப்பு. அதுல நாப்பத்தோரு பிள்ளைங்க இப்படி ஒரு சுவரோரமாத்தான் தூங்குதுங்க. வீடு வீடாப் போய் எழுதின விவரம் உங்க மேஜையில இருக்கு."

"எழுதறதுக்கு என்ன, யாரு வேணா எழுதலாம்!"

தலைவர் கனைத்துக்கொண்டார். "எந்த வீடுன்னு தெரியாம இதைச் சாட்சியா எடுத்துக்க முடியாது சிஸ்டர். சொல்லுங்க. இல்லேன்னா தீர்மானத்தைத் தள்ளி வெக்க வேண்டியதுதான்."

"சொல்லட்டும், சொல்லட்டும்," ஓனர் சிரித்தார். "அந்த வீடு பிடிக்கலேன்னா நாளைக்கே வேற இடம் பாத்துக்கட்டும். நான் யாரையாவது கட்டிப் போட்டா வெச்சிருக்கேன்?"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இழுத்து இழுத்து மூச்சு விடும் பிள்ளையைப் பார்த்தால் யார் வீடு கொடுப்பார்கள்?

'சொல்லிடாதே தாயே, உன் காலில் விழறேன்.'

நர்ஸ் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது கட்டடம், பதினேழாம் நம்பர்."

தையல்காரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் வீடு நாலாவது கட்டடம்.

"அங்க யாரு குடியிருக்கா?" என்றார் தலைவர்.

"நான்தாங்க. அந்தக் கட்டில்ல படுக்கறது என் பொண்ணு." நர்ஸ் திரையைக் காட்டினாள். "நிறைய வீட்டுல கேட்டேன். எல்லாருக்கும் பயம். வேணாம்னு சொன்னவங்க வீட்ட நான் எப்படிப் படம் எடுக்க முடியும்? அதான் என் வீட்ட எடுத்தேன். நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா பண்ணிடறேன். தீர்மானத்த மட்டும் தள்ளி வெக்காதீங்க."



தையல்காரி திரையை மறுபடி பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில், ஆணியில், நர்ஸ் வரும்போதெல்லாம் போட்டிருக்கிற நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூஞ்சையைப் பார்த்த பதற்றத்தில் அது கண்ணில் படவே இல்லை. மூன்று மாதமாக வந்து போனவளிடம், 'உங்களுக்குப் பிள்ளை இருக்கா சிஸ்டர்?' என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே!

ஓனர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா? ஒரே ஒரு வீடு! அதுக்காக ஊருக்கே ஒரு சட்டமா?"

நாற்காலி கிறீச்சிட்டபோதுதான், தான் எழுந்து நிற்பதே தையல்காரிக்குத் தெரிந்தது.

"ரெண்டு வீடுன்னு எழுதிக்குங்க. நாலாவது கட்டடம், ஒன்பதாம் நம்பர்."