கையை ஆட்டாதீங்க!

"கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

டிசைனர் கத்தினான். சோதனைக்கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று குனிந்துகொண்டார்கள்.

எதிரே, மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டையுடன் உட்கார்ந்திருந்தாள் டெஸ்ட் பார்க்கும் பெண். மேஜைமேல் வைத்த அவள் கை லேசாக, விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. திரையில் நாடித்துடிப்பு கோணல்மாணலாக ஓடியது.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றாள். கை மட்டும் நிற்கவில்லை.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். சாயங்காலத்துக்குள் பட்டைக்குள் இருக்கும் சிப்பின் வரைபடம் தயாரிப்புக்குப் போயாக வேண்டும். தவறினால் அந்த வேலையே வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

சிப்பில் இருப்பது ஒரு ஃபில்டர். நாடித்துடிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற அதிர்வுகளை அது தடுக்க வேண்டும். கரண்ட்டை மிச்சம் பிடிக்க, அதில் கை ஆட்டத்தைத் தடுக்கும் ஓர் அடுக்கையே தூக்கிவிட்டிருந்தான் நம் ஆள். பொத்தான் அளவு பாட்டரி மாதக்கணக்கில் வரும் என்று ஊரெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது.

"மத்தவங்க எல்லாம் மரம் மாதிரி உட்கார்ந்தாங்க, பாஸாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?"

"போட்டுக்கறவங்க எல்லாரும் மரம் மாதிரி இருப்பாங்களா சார்? அந்த அடுக்கைத் திரும்பப் போட்டுடுங்களேன்."

"போட்டா பாட்டரி பாதி நாள்தான் வரும். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "என்னம்மா, வேணும்னே ஆட்டறியா?"

"ஆமா சார். கை நடுங்கறவங்களும் இதைப் போட்டுக்குவாங்க."

"யாரோ நாலு பேருக்காக எல்லார் பாட்டரியையும் குறைக்கச் சொல்றாங்க சார்!" டிசைனர் பொரிந்தான். "அப்படி யாரைப் பார்த்துட்டீங்க? சொல்லுங்க!"

அவள் வாயைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்ல முடியாது சார்."

"அப்படின்னா நாளையிலேர்ந்து இந்த டீம்ல நீ இல்லை." மேனேஜர் போய்விட்டார்.

நன்றாக வேண்டும் என்றிருந்தது அவனுக்கு. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? என் வயித்துல அடிக்கறீங்களே!"

அவள் கண் கலங்கிவிட்டது.

"முதல் பட்டையை உங்க அப்பாவுக்குத்தான் கட்டுவேன்னு சொல்றீங்களே சார்..."

"அதுக்கென்ன?"

"போன வாரம் சர்க்யூட் போர்டு வாங்க உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க வாசல்ல போன் பேசிட்டிருந்தீங்க. அவர்தான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார், பாதி தரையில கொட்டிடுச்சு. கை இப்படித்தான் ஆடிச்சு. 'அவனுக்குத் தெரியாதும்மா, சொல்லிடாதே'ன்னார்."

"சும்மா உளறாதீங்க! அப்பாவை நான் தினமும் பார்க்கறேன். அவர் கை ஆடி நான் பார்த்ததே இல்லை."

"நீங்க உள்ளே வந்ததும், அந்தக் கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டார் சார்."