ஒருக்களித்து

"ஒண்ணுமில்லைங்க, ஆச்சு, ஆச்சு."

கடைசிப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த நாலு வயசுப் பெண்ணிடம் தான் மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தபோதுதான் டீச்சர் நின்றாள்.

அவளுடைய ஒரு கை குழந்தையின் தோளுக்கு அடியில் இருந்தது. இன்னொரு கை இடுப்புக்கு அடியில்.

மெதுவாக நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தாள்.

மழலையர் வகுப்பின் மதியத் தூக்கம். படுக்கும்போது ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, ஒன்று பக்கத்துப் பாயில் காலைப் போட்டு என்று சிதறிக் கிடந்த பிள்ளைகள் இப்போது வரிசை பிசகாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள்.

அத்தனை முகமும் ஜன்னல் பக்கம்.

அவள்தான் திருப்பியிருக்கிறாள். ஒருவரையும் விடவில்லை. ஒன்றுகூட விழித்துக்கொள்ளவுமில்லை. அப்படித் தேர்ந்துபோன கை. இழுக்காமல் உருட்ட வேண்டும். கன்னத்துக்கு அடியில் மடங்கிப்போகும் காதை நீவி நேராக்க வேண்டும்.

கணவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவள் செய்ததெல்லாம் இதுதான். முதுகு புண்ணாகாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

அவர் போனதும் செல்போனில் இருந்த அலாரங்களை எல்லாம் அழித்துவிட்டாள். உடம்புக்குள் இருந்ததை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. வீட்டில் தூக்கத்திலேயே எழுந்து போய்க் கட்டிலில் கையைக் கொடுப்பாள். வெறும் விரிப்பு கையோடு வரும். அப்புறம் விடிகிற வரைக்கும் அதை மடிப்பதும் விரிப்பதுமாக உட்கார்ந்திருப்பாள்.

இன்றுதான் திரும்ப வேலைக்கு வந்திருந்தாள்.

"சின்னப் பிள்ளைங்க விஷயம்மா," என்று காலையில் பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். "இன்னைக்கு ஒரு நாள் பார்க்கிறேன். முடியலைன்னா கூச்சப்படாம வீட்ல இருங்க. போகப் போகச் சரியாயிடும்."

வீட்டில் இருப்பதா. அதற்குப் பயந்துதானே ஓடி வந்தாள்.

நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பெரிய டீச்சருக்குக் காலில் சக்கரம். அறையில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, இரண்டு மணி நேரம் ஆனால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஒரு சுற்று வந்தாக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நொடி நின்று உள்ளே பார்ப்பார். "நம்ம பள்ளிக்கூடத்துக் கடிகாரமே அந்தம்மா காலைப் பார்த்துத்தான் ஓடுது," என்பாள் ஆயாம்மா. சிரிப்பார்கள். ஆனால் சத்தம் கிட்டே வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். பாதிப் பேரையாவது பழையபடி போட்டுவிடலாம். யார் குப்புறப் படுத்திருந்தார்கள், யார் மல்லாக்க? ஒன்றும் நினைவில்லை.

கதவு திறந்தது.

பெரிய டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை ஒவ்வொரு பாயாகப் போய்க் கடைசிப் பாய்க்கு வந்தது.

"வெயில் மூஞ்சில அடிக்குதேன்னு திருப்பிவிட்டேன் மேடம்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். வெயில் வந்துகொண்டிருந்ததே அந்த ஜன்னல் வழியாகத்தான்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். பையை எடுக்க வேண்டும். பஸ் ஏற வேண்டும். பூட்டைத் திறக்க வேண்டும். உள்ளே கட்டில் இருக்கும்.

பெரிய டீச்சர் செருப்பைக் கழற்றினார். பாய்களுக்கு நடுவே யாரையும் மிதிக்காமல் நடந்து வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கடைசிக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை எடுத்து நாலாக மடித்தார். குழந்தையின் இரண்டு முட்டிகளுக்கும் நடுவே அதைச் செருகினார்.

"இதை விட்டுட்டீங்களே," என்றார், குழந்தை விழித்துவிடாத குரலில். "முட்டியோட முட்டி உரசக் கூடாது. புண்ணாயிடும்."

டீச்சர் அந்தப் போர்வையைப் பார்த்தாள்.

மடிப்பு அந்தக் கையில் அவ்வளவு கச்சிதமாக விழுந்திருந்தது.

"போகப் போகச் சரியாயிடும்னு சொன்னீங்களே மேடம்."

பெரிய டீச்சர் குழந்தையின் காதை நீவிவிட்டார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"இவ அம்மாவும் இதே ரூம்ல படுத்துத் தூங்கினவதான். எங்க வீட்டுக்காரர் போனது அந்த வருஷம்."

சுவரைப் பிடித்து எழுந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"நாளைக்கும் வந்துடுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

செருப்புச் சத்தம் அடுத்த வாசலில் ஒரு நொடி நின்றது. பிறகு அதற்கும் அடுத்த வாசலில்.