பட்டன் பரீட்சை

வாசலில் பள்ளி வேனின் ஹாரன் அலறியது. பக்கவாதம் வந்துபோன வாத்தியார் வேலைக்குக் கிளம்பினார்.

மனைவி தன் பழைய நிபந்தனையை மறுபடி சொன்னாள். “சட்டைப் பட்டனை நீங்களே போட்டாத்தான் அனுப்புவேன்!”

“கணக்கு நடத்த விரல் எதுக்குடி? சரி, பாரு!”

அறைக்குள் போனவர், சட்டென்று எல்லாப் பட்டனும் போட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

“அடேங்கப்பா! நடுக்கம் போயிடுச்சே!”

“பின்னே? என்னை என்னன்னு நினைச்சே?”

பிரிட்ஜ் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தார். ‘டக்’கென்று சட்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டது. வாத்தியார் திருதிருவென்று விழித்தார்.

மனைவி நிதானமாகச் சட்டையை விடுவித்தாள்.

“பட்டனுக்கு அடியில காந்தம் வைக்கச் சொல்லி ரகசியமா டெய்லர்கிட்ட கொடுத்தீங்களே, ஊசியெல்லாம் ஒட்டிக்குதுன்னு அவர் என்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டார். வேலை மேல இவ்வளவு ஆசையான்னு, நான்தான் மல்லுக்கட்டித் தைச்சு வெச்சேன்!”