பெரட்டுக் களத்தில் ஓர் இடம்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், சனிக்கிழமை. காஹாங் தோட்டத்தில் இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, செம்பனை மரங்களுக்கிடையே மூடுபனி நின்றது.

மறைந்த தொழிற்சங்கத் தலைவர் சவரிநாதன் இளமையில் வாழ்ந்த இடங்களைக் காண வந்த முன்னாள் தொழிலாளர்களான முதியவர்களை, வழிகாட்டி இன்பராணி முதலில் பெரட்டுக் களத்திற்கு அழைத்துச் சென்றாள். தோட்டத் தொழிலாளர் விடியலில் வரிசையாக நின்று பெயர் கொடுத்த கொட்டகை அது. திங்களன்று அதை இடிக்கவிருந்தனர். எப்பாடுபட்டேனும் அதைக் காப்பாற்ற அவள் உறுதிபூண்டிருந்தாள்.

“அவரு இங்க வேலை செஞ்சாருன்னு யாரு சொன்னா? சும்மா கதை லா,” என்றார் தோட்ட நிர்வாகி கமலநாதன்.

“கூடச் சம்பளம் கேட்டாருன்னு பெரட்டுல பேர வெட்டிட்டாங்க சார். அதுக்கப்புறம் இங்க யாருமே அவரக் கூப்பிடல. இன்னிக்கு நான் கூப்பிடறேன்.”

முதியவர்கள் சிரித்தபடி வரிசையில் நின்றனர். அவள் ஒவ்வொருவராக அழைத்தாள்.

“செல்லப்பன்!”

“இருக்கேன் லா, இன்னும் சாகல!”

இறுதியில், “சவரிநாதன்!” என்றாள்.

“இருக்கேங்க!” என்றது ஓர் இளங்குரல்.

வரிசையில் இளைஞர் எவருமில்லை. ஆயினும் செல்லப்பன் பழைய பழக்கத்தில் விலகி, ஓராள் நிற்க இடம் விட்டார். “தள்ளி நில்லுங்கப்பா, ஆளு வந்துருச்சு,” என்று சொன்ன பிறகே திகைத்தார்.

அக்குரலைத் தாமும் கேட்ட கமலநாதன் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பின்பு கைப்பேசியில், “திங்கக்கிழம மெஷின் வேணாம். கொட்டகை இருக்கட்டும்,” என்றார்.

இன்பராணி கண்ணீருடன் கைதட்டினாள், அனைவரும் தட்டினர். அவர்கள் நிறுத்திய பின்னும், வெற்றிடத்திலிருந்து மட்டும் கைதட்டும் ஓசை உற்சாகமாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. அது ஓய்ந்தபோது காலை மணி ஏழு பத்து.