எலும்பு சொன்ன வயது

குழந்தைத் திருமணம் என்று புகார் வந்தும் வயதுக்கு எந்தச் சான்றும் இல்லாததால், எரியோட்டைச் சேர்ந்த தமிழ்மதியைப் போலீஸார் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இடுப்பையும் முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்து முடிக்கும்வரை, கணவன் அஜித் வராந்தாவில் தவிப்போடு நின்றான்.

டாக்டரம்மா படங்களை நிதானமாகப் பார்த்தார்.

“வளர்ற எலும்பு முனையெல்லாம் நல்லா ஒண்ணாக் கூடிருச்சு. பதினெட்டு தாண்டியாச்சும்மா. இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு இனி யாரும் சொல்ல முடியாது.”

தமிழ்மதி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, சந்தோஷமில்லையா? உன் வீட்டுக்காரரு பாவம், வெளிய நிக்கிறாரு. எந்தப் புண்ணியவான் போலீஸுக்குப் போன் பண்ணானோ.”

“நாந்தான் மேடம் பண்ணேன். எனக்குப் பதினேழுன்னுதான் அம்மா சொல்லுச்சு. கல்யாணம் வேணாம்னேன், வீட்ல யாரும் கேக்கல. போலீஸாச்சும் கேக்கும்னு நெனச்சேன்.”

தமிழ்மதி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.